அந்த 30 போர்டை யார் பிடுங்குவது?

மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும், குழுவில் உள்ள காவல், போக்குவரத்து, நெடுஞ்சாலைத் துறை அதிகாரிகளுக்கும் வணக்கம்.

நான் திண்டிவனத்தில் மஞ்சள் போர்டு கார் ஓட்டுகிறேன். இருபத்திரண்டு வருடமாக இதுதான் தொழில். ஏர்போர்ட் டிராப், ஆஸ்பத்திரி ட்ரிப், பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை, முகூர்த்த நாளில் மாப்பிள்ளை வீட்டார். எந்த மாவட்டத்துக் குழு என்று மேலே எழுதாமல் விட்டது வேண்டுமென்றேதான். நான் சொல்லப்போகும் சங்கதி என் வண்டி போகும் எல்லா மாவட்டத்திலும் இருக்கிறது. ஒருவரை மட்டும் நிறுத்திக் கேட்பது நியாயமாக இருக்காது.

வேக வரம்பைப் பற்றி ஒரு டிரைவர் எழுதுகிறான் என்றால், இன்னும் வேகமாகப் போக விடுங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறான் என்று நினைப்பீர்கள். என் வண்டியில் மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல் போகாதபடி தடுக்கும் கவர்னர் கருவி இருக்கிறது. எவ்வளவு மிதித்தாலும் அதற்கு மேல் ஏறாது. பின் சீட்டில் இருக்கும் பார்ட்டி “என்னப்பா, உருட்டிக்கிட்டே போறே” என்பார். நான் சிரித்துக்கொண்டே மேலே போவேன். எங்கள் ஊரிலிருந்து மீனம்பாக்கம் சுமார் 110 கிலோமீட்டர். 80க்குப் பதில் 100ல் போனால் பதினாறு நிமிடம் மிச்சமாகும். அந்தப் பதினாறு நிமிடத்தையும் ஆத்தூர், பரனூர் டோல்கேட்டுகளிலும் பெருங்களத்தூர் நெரிசலிலும் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக முடியும். அதனால் கூடுதல் வேகம் கேட்டு நான் வரவில்லை. சாலையோரத்தில் நிற்கும் பலகைகளில் எது நிஜம், எது சும்மா என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. அதைக் கேட்கத்தான் வந்தேன்.

ஒரு நாற்கரச் சாலை. அதில் ஒரு சின்ன ஓடைப் பாலம். பாலத்தை அகலப்படுத்தும் வேலை நடந்தபோது நூறு மீட்டர் முன்னால் 30 என்று வட்டப் பலகை வைத்தார்கள். அப்போது அது சரியான எண். ஒரு பக்கத்தை அடைத்து, ஜல்லி கொட்டி, மணல் நிரப்பிய டிரம்களை வரிசையாக நிறுத்தி, சிவப்புத் துணி கட்டிய கயிறு இழுத்திருந்தார்கள். நானும் 30ல்தான் போனேன். அதற்கு மேல் போயிருந்தால் வண்டியின் அடி தட்டியிருக்கும். அப்புறம் வேலை முடிந்தது. தார் போட்டார்கள், வெள்ளைக் கோடு இழுத்தார்கள், டிரம்களை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். போர்டை மட்டும் விட்டுவிட்டார்கள். இரண்டு காலையும் கான்கிரீட்டில் நட்டிருந்ததால் பிடுங்கச் சோம்பலாக இருந்திருக்கும். இப்போது அதன்மேல் கோவைக்கொடி படர்ந்திருக்கிறது. 3 முழுசாகத் தெரியும், 0 பாதிதான் தெரியும்.

வேலை முடிந்து ஏறத்தாழ ஒரு வருடம் கழித்து, காலை ஏழரை மணிக்கு, மகளைப் பார்க்க வெளிநாடு கிளம்பிய ஒரு வயதான தம்பதியை ஏற்றிக்கொண்டு அந்தப் பாலத்தைத் தாண்டினேன். புளியமரத்து நிழலில் ஒரு ஜீப், பக்கத்தில் முக்காலியில் வேகத்தை அளக்கும் ஸ்பீடு கன். கை காட்டி ஓரம் கட்டச் சொன்னார்கள். 57 என்று ஸ்க்ரீனில் காட்டினார் உதவி ஆய்வாளர். மரியாதையானவர்தான், குற்றம் சொல்லமாட்டேன்.

“போர்டு பார்த்தீங்களா?”

“பார்த்தேன் சார். பாலம் வேலை முடிஞ்சு வருஷமாச்சே.”

“போர்டு நிக்குதுல்ல? நின்னா அதுதான் கணக்கு. எடுக்கணும்னா ஹைவேஸ்ல போய்ச் சொல்லுங்க.”

சொன்னேன். சலானுக்கான ஆயிரம் ரூபாயைக் கட்டிவிட்டு, அடுத்த வாரமே போய்ச் சொன்னேன். அது கான்ட்ராக்டர் வைத்தது, எங்கள் கணக்கில் இல்லை என்றார்கள். கான்ட்ராக்டர் பில் வாங்கிக்கொண்டு வேறு சைட்டுக்குப் போய்விட்டார். ஆர்டிஓ ஆபீஸில் கேட்டால், லைசென்ஸ், வண்டித் தகுதிச் சான்றான எஃப்சி என்றால் எங்களிடம் வாருங்கள், போர்டு எங்கள் வேலை இல்லை என்றார்கள். ஆக, அந்தப் போர்டுக்கு அப்பனும் இல்லை ஆத்தாளும் இல்லை. ஆனால் அதை மதிக்கவில்லை என்றால் அபராதம் மட்டும் உண்டு.

பிறகு சும்மா இருக்கமுடியாமல், எனக்குத் தெரிந்த ஒரு வக்கீலிடம் மோட்டார் வாகனச் சட்டத்தை எடுத்துப் பார்க்கச் சொன்னேன். 1988ஆம் வருடச் சட்டம், 112ஆவது பிரிவு. ஒரு சாலைக்கோ பாலத்துக்கோ தனியாக வேக வரம்பு வைக்க வேண்டுமென்றால் மாநில அரசு, அல்லது அரசு அதிகாரம் கொடுத்த ஓர் அமைப்பு, அரசிதழில் அறிவிக்கை வெளியிட வேண்டும், பொருத்தமான இடத்தில் பலகையும் வைக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் வரம்பு. ஒரே ஒரு விதிவிலக்கு: கட்டுப்பாடு ஒரு மாதத்துக்கு மேல் நீடிக்காது என்றால் அறிவிக்கை தேவையில்லை. பாலம், பராமரிப்பு மாதிரி வேலைகளுக்குத் தோதான ஏற்பாடுதான். ஆனால் என் பாலத்துப் போர்டு ஒரு வருடம் நின்றுவிட்டது. அதற்கு ஏதாவது அறிவிக்கை இருக்கிறதா என்று கேட்டேன். கேட்ட இடத்திலெல்லாம் “அப்படின்னா?” என்பதுபோலப் பார்த்தார்கள். சட்டப்படி பார்த்தால் அபராதம் கட்ட வேண்டியது நானா, அந்தப் போர்டா என்று வக்கீல் சிரித்தார். ஆயிரம் ரூபாய்க்குக் கோர்ட்டுக்கு அலைந்தால் நான்கு ட்ரிப் போய்விடும். விட்டுவிட்டேன்.

தொடங்கும் பலகை இருக்கட்டும், முடியும் பலகை எங்கே? சாலைக் குறியீடுகளில் ‘கட்டுப்பாடு முடிந்தது’ என்று ஒன்று இருக்கிறது. வெள்ளை வட்டம், குறுக்கே சாய்வாகக் கறுப்புக் கோடு. லைசென்ஸ் எடுக்கப் போகும்போது அச்சடித்துக் கொடுக்கும் தாளில் அது இருக்கும். சாலையில் அதை நான் பார்த்த தடவைகளை ஒரு கையில் எண்ணிவிடலாம். பள்ளிக்கூடம் வருகிறது, 40 என்று வைப்பீர்கள். பள்ளிக்கூடம் போய்விட்டது, ஊர் போய்விட்டது, இரண்டு பக்கமும் சவுக்குத் தோப்பு வந்துவிட்டது. இப்போது என் வரம்பு என்ன? 40ஆ, 80ஆ? ஒழுங்காகப் போக நினைப்பவனுக்குத்தான் இந்தக் கேள்வி. மற்றவர்கள் 40ஐயே பார்த்திருக்கமாட்டார்கள்.

மேலே போனால் குழப்பம் இன்னும் கூடுகிறது. 2018 ஏப்ரலில் மத்திய அரசு கார்களுக்கான வரம்பை உயர்த்தியது: விரைவுச் சாலையில் 120, நடுவே தடுப்பு வைத்த நாற்கரச் சாலையில் 100, நகராட்சி எல்லைக்குள் 70. 2021ல் ஒரு விபத்து இழப்பீட்டு மேல்முறையீட்டில் சென்னை உயர் நீதிமன்றம் அந்த அறிவிக்கையை ரத்து செய்து, 2014ல் இருந்த வரம்புகளுக்குத் திரும்பச் சொன்னது. வேகத்தைக் கூட்டினால் சாவு கூடும் என்று நீதிபதிகள் கவலைப்பட்டதில் எனக்குத் தகராறு இல்லை. ஆனால் இதெல்லாம் டிரைவருக்கு யார் சொன்னார்கள்? ஒரே சாலையில் ஓர் இடத்தில் 80 நிற்கிறது, கொஞ்சம் தள்ளி 100 நிற்கிறது. காருக்கா, லாரிக்கா, பஸ்ஸுக்கா என்று பல பலகைகளில் எழுதியே இருப்பதில்லை. மொபைல் மேப் மூன்றாவதாக ஓர் எண்ணைக் காட்டுகிறது. 2019 ஜூலைக்குப் பிறகு வந்த கார்களில் 80ஐத் தாண்டினால் விட்டுவிட்டு ‘பீப்’ அடிக்கும், 120ஐத் தாண்டினால் நிற்காமல் அடிக்கும். அந்த ‘பீப்’புக்கு ஊரும் தெரியாது, பள்ளிக்கூடமும் தெரியாது. இடத்தைச் சொல்லக் கடைசியில் போர்டுதான் இருக்கிறது.

போர்டு போதாதென்று பேரிகேடு. சாலைக்குக் குறுக்கே முன்னும் பின்னுமாக நிறுத்திவைத்த இரும்புத் தடுப்புகள். ஒவ்வொன்றிலும் ஒரு ஜவுளிக்கடைப் பெண் பட்டுப்புடவையில் சிரிக்கிறாள், அல்லது நகைக்கடை செய்கூலி சேதாரம் பேசுகிறது. எத்தனையில் போக வேண்டும் என்ற எண்ணைத் தேடினால் கிடைக்காது. இரவில் முன்னால் போகும் லாரி சடாரென்று ஒடித்த பிறகுதான் அங்கே தடுப்பு இருப்பதே தெரியும். அதைப் பற்றித் தனியாக ஒரு கடிதம் எழுதலாம், இப்போது வேண்டாம்.

இதுவரை சொன்னதைப் படித்தால் வரம்புகள் குறைவாக இருக்கின்றன என்று நான் புலம்புவதுபோல இருக்கும். மறுபக்கத்தையும் சொல்கிறேன்.

அதே சாலையில், அதே பாலத்திலிருந்து நான்கு கிலோமீட்டர் தள்ளி ஒரு கிராமம். ஊர் சாலைக்கு மேற்கே, அரசுப் பள்ளிக்கூடம் கிழக்கே. சாலை நடுத் தடுப்பான மீடியனில் ஓர் இடைவெளி. காலை எட்டே முக்காலுக்கு அந்த வழியாகப் போனால் பார்க்கலாம். இருபது முப்பது பிள்ளைகள் அரளிச் செடிக்குப் பக்கத்தில் நிற்பார்கள். பெரிய பெண் ஒருத்தி சின்னவர்கள் இரண்டு பேரின் கையைப் பிடித்திருப்பாள். ஒரு பக்கத்தைக் கடந்து மீடியனில் ஏறி நின்று, மறுபக்கம் ஆம்னி பஸ் போகும் காற்றில் பாவாடையை அழுத்திப் பிடித்துக்கொண்டு காத்திருப்பாள். மூன்று வருடத்துக்கு முன்னால், பால் கேன் கட்டிய எக்ஸெல் வண்டியில் அந்த இடைவெளியில் திரும்பிய ஒருவர் அங்கேயே போய்விட்டார். எங்கள் தெருவுக்குப் பால் ஊற்றியவர். அங்கே வேகப் பலகை எதுவும் இல்லை. ‘பள்ளி முன்னால்’ என்ற முக்கோணப் பலகை ஒன்று இருக்கிறது, அதை வேப்பங்கிளை மறைக்கிறது. ஸ்பீடு கன் வைத்து நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. வேலை நடக்காத பாலத்தில் 30, பிள்ளைகள் கடக்கும் இடத்தில் எண்ணே கிடையாது. கன் எங்கே நிற்கிறது? பாலத்தில். மீன் இருக்கிற இடத்தில்தானே வலை வீசுவார்கள்.

80ல் போகும்போது ஒரு பிள்ளை குறுக்கே வந்தால், எனக்கு உறைத்து பிரேக்கில் கால் போய்ச் சேர ஒரு நொடி ஆகும். அதற்குள் வண்டி 22 மீட்டர் போயிருக்கும். நல்ல டயர், காய்ந்த தார் என்றாலும் நிற்க இன்னும் முப்பது முப்பத்தைந்து மீட்டர் வேண்டும். 40ல் போனால் அந்த ஒரு நொடிக்கு 11 மீட்டர், நிற்க எட்டு ஒன்பது மீட்டர். வேகம் பாதியானால் பிரேக் தூரம் கால்வாசி ஆகிவிடுகிறது. சராசரி வேகம் 1 சதவீதம் கூடினால் உயிர்போகும் விபத்துக்கான வாய்ப்பு 4 சதவீதம் கூடும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆட்களும் வண்டிகளும் கலந்து புழங்கும் இடங்களில் 30தான் உச்சம் என்று 2020ல் ஸ்டாக்ஹோமில் நடந்த உலக மாநாட்டுப் பிரகடனமும் சொன்னது. அந்தப் பள்ளிக்கூட இடைவெளியில் நீங்கள் 30 என்று வைத்தால் நான் முதல் ஆளாகக் குறைப்பேன். யாரும் கன் வைத்து மிரட்ட வேண்டாம்.

பொறியாளர்கள் ஒரு கணக்குச் சொல்வார்கள். தடையில்லாத சாலையில் நூற்றுக்கு எண்பத்தைந்து வண்டிகள் எந்த வேகத்துக்குள் போகின்றனவோ அதை ஒட்டி வரம்பை வைக்க வேண்டும், அதைவிட மிகவும் தாழ்த்தி வைத்தால் யாரும் மதிக்கமாட்டார்கள் என்று. சவுக்குத் தோப்பு நடுவே போகும் சாலைக்கு இந்தக் கணக்கு ஒத்துவரும். என் பாலத்துக்கும் ஒத்துவரும். ஆனால் இதை எல்லா இடத்துக்கும் நீட்டினால் தப்பு. எண்பத்தைந்து பேரும் வண்டிக்குள் உட்கார்ந்திருப்பவர்கள். மீடியனில் பாவாடையைப் பிடித்துக்கொண்டு நிற்பவளை அந்தக் கணக்கில் யாரும் எண்ணுவதில்லை.

புள்ளிவிவரம் கேட்டால், வேகம்தான் கொல்கிறது என்று ஒரே அடியாகச் சொல்கிறார்கள். 2022ல் நாடு முழுக்கச் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் நூற்றுக்கு எழுபத்தொரு சாவு அதிவேகத்தால் என்று மத்திய அரசின் அறிக்கை. விபத்து எண்ணிக்கையில் அந்த வருடம் தமிழ்நாடுதான் முதலிடம், 64,105. இறந்தவர்கள் 17,884. இந்த எண்களை நான் சந்தேகப்படவில்லை. ‘அதிவேகம்’ என்ற அந்தக் கட்டத்தை எப்படி நிரப்புகிறார்கள் என்பதுதான் என் சந்தேகம். சாட்சிக் கையெழுத்துக்காகவும், தெரிந்தவர்களுக்குத் துணையாகவும் பல தடவை ஸ்டேஷன் போயிருக்கிறேன். பார்த்த எஃப்ஐஆரில் எல்லாம் ஒரே வரிதான்: ‘அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து’. நின்றுகொண்டிருந்த லாரியில் மோதினாலும் அதே வரி, வளைவில் எதிரே வந்தவன் தப்பாக ஏறினாலும் அதே வரி. எத்தனை வேகம், அங்கே வரம்பு எத்தனை, போர்டு இருந்ததா, விளக்கு எரிந்ததா என்று ஒன்றும் இருக்காது. அபராதம் போடும்போது மட்டும், கண்ணால் பார்த்து வேகம் என்று ஒரு சாட்சி சொன்னால் போதாது, கருவி வைத்து அளந்திருக்க வேண்டும் என்கிறது அதே சட்டத்தின் 183ஆவது பிரிவு. சாவுக்கும் அந்தக் கறாரைக் காட்டினால் என்ன?

இப்போது அதற்கு வழியும் இருக்கிறது. சென்னை ஐஐடி உருவாக்கிய ஒருங்கிணைந்த விபத்துத் தரவுத் தளத்தில், காவலர்கள் விபத்து நடந்த இடத்திலிருந்தே செல்போனில் விவரங்களை ஏற்றுகிறார்கள். புள்ளி எங்கே விழுந்தது என்று வரைபடத்தில் தெரியும். அந்த வரைபடத்தின் மேல் உங்கள் வேகப் பலகைகளைக் குறித்துப் பாருங்கள், அதற்கும் மேல் ஸ்பீடு கன் நின்ற இடங்களைக் குறித்துப் பாருங்கள். மூன்றும் ஒரே இடத்தில் சேர்ந்தால் நான் வாயை மூடிக்கொள்கிறேன்.

இதை ஏன் உங்களிடம் கேட்கிறேன் என்றால், கன் வைப்பவர், போர்டு நடுபவர், லைசென்ஸ் கொடுப்பவர் மூவரும் ஒரே மேஜையில் உட்காரும் இடம் உங்கள் குழு ஒன்றுதான். கோவையைச் சேர்ந்த எலும்பு முறிவு மருத்துவர் எஸ். ராஜசேகரன் தொடுத்த பொதுநல வழக்கில், மாவட்டந்தோறும் இப்படி ஒரு குழு இயங்க வேண்டும் என்று 2017 நவம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. முறிந்த எலும்பை ஒட்டவைத்தே அலுத்துப்போன ஒரு டாக்டர் கோர்ட் வரைக்கும் போனதால் கிடைத்த மேஜை அது.

சொன்னால் கேட்கமாட்டார்கள் என்றும் நான் நினைக்கவில்லை. 2023 ஜூனில் சென்னையில் பகலில் எல்லா வண்டிக்கும் 40, இரவில் 50 என்று வைத்து ஸ்பீடு ராடாரையும் பொருத்தினார்கள். ஊரே கத்தியது. அந்த வரம்பை நிறுத்திவைத்தார்கள், யோசித்தார்கள், நவம்பரில் மாற்றினார்கள்: காருக்கு 60, பைக்குக்கும் கனரக வண்டிக்கும் 50, ஆட்டோவுக்கு 40, குடியிருப்புத் தெருவில் எல்லாருக்கும் 30. எனக்கு அதில் மிகவும் பிடித்தது கடைசி 30தான். பெரிய சாலையில் கொஞ்சம் விட்டுக்கொடுத்து, வீட்டு வாசலில் கெடுபிடி காட்டியிருக்கிறார்கள். ஒரே எண்ணை எல்லா இடத்திலும் அடித்திருந்தால் இரண்டு இடத்திலும் யாரும் கேட்டிருக்கமாட்டார்கள்.

எங்கள் பக்கத்துத் தப்பையும் ஒப்புக்கொள்கிறேன். இருவழிச் சாலையில் எதிரே வரும் வண்டி இரண்டு தடவை லைட் அடித்தால் முன்னால் கன் இருக்கிறது என்று அர்த்தம். உடனே எல்லாரும் 50க்கு இறங்கி, நல்ல பிள்ளைகளாக ஒரு கிலோமீட்டர் போய், ஜீப்பைத் தாண்டியதும் பழையபடி மிதிப்போம். நானும் லைட் அடித்திருக்கிறேன். அடித்ததில் பெருமை ஒன்றும் இல்லை. ஆனால் வருடக்கணக்காகச் செத்துப்போன போர்டுகளையே பார்த்துப் பழகியவனுக்கு, உயிரோடு இருக்கும் போர்டும் புலி வருது கதைதான். பால்காரர் போன பிறகு அந்தக் கிராமத்து இடைவெளிக்கு வரும்போது மட்டும் கால் தானாக எழுந்துகொள்கிறது. அது போர்டு பார்த்து வந்த பழக்கம் இல்லை.

சரி, என்ன செய்யலாம்? பெரிய செலவு எதுவும் கேட்கவில்லை. வேலை நடக்கும் இடத்தில் வைக்கும் தற்காலிகப் போர்டின் கீழே எந்தத் தேதி வரை என்று எழுதுங்கள். போர்டைப் பிடுங்கினால்தான் கான்ட்ராக்டரின் கடைசி பில் என்று வையுங்கள், மறுநாளே பிடுங்கிவிடுவார். எண்ணுக்குக் கீழே காரணத்தை ஒரே சொல்லில் போடுங்கள்: ‘பள்ளி’, ‘ஊர்’, ‘வளைவு’. காரணம் தெரிந்தால் கால் தானாக எழும்பும். முடியும் இடத்தில் முடிந்தது என்று சொல்லுங்கள். மாவட்டத்தில் எந்தச் சாலையில் எங்கிருந்து எங்கே வரை எத்தனை, எந்த அறிவிக்கைப்படி என்ற பட்டியலை ஆட்சியர் அலுவலக இணையதளத்தில் தமிழில் போடுங்கள். கன் வைப்பதற்கு முன்னால் யாராவது ஒருவர் அந்தப் பட்டியலைப் பார்க்கட்டும். வருடத்துக்கு ஒரு தடவை நீங்கள் மூன்று துறையும் ஒரே வண்டியில் ஏறி, சைரன் இல்லாமல், போர்டு சொல்கிற வேகத்திலேயே மாவட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். என் வண்டியே வருகிறது. டீசல் மட்டும் போட்டால் போதும், பேட்டா வேண்டாம்.

அதற்கு நேரமில்லை என்றால், முதலில் ஒரே ஒரு வேலை. அந்தப் பாலத்து 30 போர்டு இன்னும் நல்ல நிலையில்தான் இருக்கிறது. துரு பிடிக்கவில்லை, கொடியை இழுத்துவிட்டால் எண் பளிச்சென்று தெரியும். அதைப் பிடுங்கி, முறைப்படி அறிவிக்கையும் போட்டு, நான்கு கிலோமீட்டர் தள்ளிப் பள்ளிக்கூட இடைவெளிக்கு முன்னால் நடுங்கள். ஒரு டிராக்டர், இரண்டு ஆள், ஒரு மூட்டை சிமென்ட். வேப்பங்கிளையைப் பஞ்சாயத்தில் சொல்லி வெட்டவேண்டும், அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மஞ்சள் போர்டு வண்டிக்காரன்,
திண்டிவனம்